குழந்தைக்குக் கொடுக்கும் மாவில் தேதி எங்கே?

கொலை, கொள்ளை, ரவுடி கைது, குடிநீர்க் குழாய் உடைப்பு என்று எழுதுகிறவனுக்குக் குழந்தைக் கஞ்சியைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். கத்தியை எடுத்துக் குத்துகிறவனைப் போலீஸ் தேடிப் பிடித்துவிடும். கெட்டுப் போன கஞ்சி ஒரு பச்சைக் குழந்தையின் வயிற்றைக் குத்தினால், அதற்கு எந்த ஸ்டேஷனிலும் எப்.ஐ.ஆர். கிடையாது. "வயித்தாலப் போச்சு... என்ன பண்றது, பல்லு முளைக்கிற நேரம்" என்று சொல்லி முடித்துவிடுகிறோம்.

பல்லு முளைத்தால் வயிற்றுப்போக்கு வரும் என்பதெல்லாம் நாமாகச் சொல்லிக்கொள்ளும் சமாதானம். பல்லு முளைக்கிற வயசும், தாய்ப்பாலோடு வேறு உணவு ஆரம்பிக்கிற வயசும் ஒன்று. அதே வயசில்தான் குழந்தை தவழ்ந்து போய்த் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கிறது. பழி பல்லின் மேல் விழுகிறது. உண்மையான குற்றவாளி கிண்ணத்திலும் கையிலும் தண்ணீரிலும் ஒளிந்திருக்கிறான்!

இன்றைக்கு நகரத்தில் எந்தத் தெருவுக்குப் போனாலும் "வீட்டுத் தயாரிப்பு சத்து மாவு" விற்பனை அமர்க்களமாக நடக்கிறது. 21 பொருள், 32 பொருள், 40 பொருள் என்று போட்டி! மாவு மில் வாசலில் கவர், மளிகைக் கடையில் பாட்டில், செல்போனில் ஆர்டர். கவரின் மேல் கொழுகொழு குழந்தை படம். எல்லாம் இருக்கிறது. என்றைக்கு அரைத்தது? தேதி இல்லை. யார் அரைத்தது? விலாசம் இல்லை. ஒரு செல்போன் நம்பர், அவ்வளவுதான்.

கேட்டால், "எங்க வீட்டுக் குழந்தைக்கும் இதைத்தாங்க கொடுக்கிறோம்" என்று பதில். அவர்கள் வீட்டுக் குழந்தைக்கு நேற்று வறுத்து இன்று அரைத்ததைக் கொடுப்பார்கள். நம் வீட்டுக்கு வருவது எத்தனை மாதத்து மாவு என்று யார் சொல்வது?

சட்டம் தூங்கவில்லை... நாம்தான் தூங்குகிறோம்!

ஒரு காலத்தில் டப்பாப் பால்மாவுக் கம்பெனிகள் கொழுகொழு குழந்தை படத்தைப் போட்டே தாய்மார்களை மயக்கின. உலகம் முழுக்க எதிர்ப்பு கிளம்பியது. 1981-ல் உலக சுகாதார மாநாடு இதற்கென்று ஒரு விதித் தொகுப்பையே கொண்டு வந்தது. நம் நாட்டில் 1992-ல் தனிச் சட்டம் வந்தது. 2003-ல் அதை இன்னும் இறுக்கினார்கள். 2 வயது வரைக்கான குழந்தை உணவுகளுக்கு விளம்பரமே செய்யக் கூடாது. டப்பாவின் மேல் குழந்தை படமோ தாய் படமோ போடக் கூடாது. மீறினால் ஜெயில் தண்டனை கூட உண்டு.

பெரிய கம்பெனிக்கு ஒரு சட்டம், தெருமுனை மாவு வியாபாரிக்கு ஒரு சட்டம் என்று அதில் எழுதவில்லை. 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, வீட்டில் செய்து விற்கிறவரும் பதிவு செய்துகொள்ள வேண்டும். கவரில் தயாரித்த தேதியும் விலாசமும் போட்டாக வேண்டும்.

வீட்டிலிருந்து பிழைக்கிற பெண்களின் வயிற்றில் அடிக்கச் சொல்லவில்லை. அவர்களில் பலர் சுத்தபத்தமாகச் செய்கிறவர்கள்தான். அப்படிப்பட்டவர்களுக்குத் தேதி போடுவதில் என்ன கஷ்டம்? தேதி போட மறுக்கிறவரிடம் மாவு வாங்காதீர்கள். நான் சொல்வது அவ்வளவுதான்.

வீட்டிலேயே செய்தால்?

அதுதான் நல்லது. அதில் சந்தேகமே வேண்டாம். 6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர் கூட வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். 6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு சேர்த்து மற்ற உணவு. தாய்ப்பாலை 2 வயதுக்கு மேலும் கொடுக்கலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதையேதான்.

பிறந்த உடனே சேனை தொட்டு வைக்கிறோம், சீனித் தண்ணீர் கொடுக்கிறோம், கழுதைப்பால் சங்கில் ஊற்றுகிறோம் என்று கிளம்பும் பெரியவர்களுக்கு ஒரு கும்பிடு. பாசம் புரிகிறது. ஆனால் வேண்டாம். முக்கியமாகத் தேன்! ஒரு வயது முடியும் வரை ஒரு சொட்டுத் தேன் கூட நாக்கில் தடவக் கூடாது. சுத்தமான மலைத்தேனாக இருந்தாலும் அதில் ஒருவகைக் கிருமியின் வித்து இருக்கலாம். பெரியவர்களை அது ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது முளைத்து விஷத்தைக் கக்கும். கை கால் துவண்டு மூச்சே நின்று போகிற அளவுக்குப் போகலாம்.

சரி, எதை முதலில் கொடுப்பது? நம் ஊர் கேழ்வரகு இருக்கிறதே! 100 கிராம் கேழ்வரகில் 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியெல்லாம் பக்கத்திலேயே வர முடியாது. ராத்திரி ஊற வைத்து, காலையில் அரைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பால் எடுத்துக் காய்ச்சிக் கொடுப்பது நம் பாட்டிமார் கண்ட வழி. சாதத்தையும் பாசிப்பருப்பையும் குழைய வேகவைத்து மசித்துக் கொடுக்கலாம். வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, கேரட், பூசணி என்று எதுவும் ஆகும். முட்டை சாப்பிடும் குடும்பமானால் நன்றாக வெந்த முட்டையும் கொடுக்கலாம்.

முதல் நாளே 40 பொருள் மாவு வேண்டாம்! காரணம் இருக்கிறது. குழந்தைக்கு உடம்பெல்லாம் தடிப்பு வந்தால், 40-ல் எது காரணம் என்று எந்த டாக்டர் கண்டுபிடிப்பார்? முந்திரியா, பாதாமா, நிலக்கடலையா, கோதுமையா? ஒரு பொருளைக் கொடுத்து மூன்று நாள் பாருங்கள். ஒத்துக்கொண்டால் அடுத்தது.

தண்ணிக் கஞ்சி கொடுத்து ஏமாற்றாதீர்கள்!

வடிகஞ்சி, பருப்புத் தண்ணி, பார்லித் தண்ணி... இதைக் கொடுத்துவிட்டு "புள்ளை நல்லா குடிக்குது" என்று பெருமைப்படுகிறோம். அதில் இருப்பது தண்ணீர்தான் அய்யா! குழந்தையின் வயிறு சின்னது. தண்ணீரால் நிரப்பிவிட்டால் சத்துக்கு இடம் எங்கே? கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் இருக்க வேண்டும்.

பிறக்கும்போது குழந்தை உடம்பில் இருக்கும் இரும்புச் சத்து 6 மாத வாக்கில் தீர ஆரம்பிக்கும். அதன் பிறகு உணவில் வந்தாக வேண்டும். நாடு முழுக்க 2019-21-ல் எடுத்த குடும்பநலக் கணக்கில், 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் 100 குழந்தைகளில் 67 பேருக்கு ரத்தசோகை! கஞ்சித் தண்ணியால் ரத்தம் ஊறாது.

"கெட்டியா செஞ்சா முழுங்க மாட்டேங்குது" என்பவர்களுக்கு முளைகட்டிய தானியம் கைகொடுக்கும். கேழ்வரகை ஊற வைத்துத் துணியில் கட்டி முளைக்க விட்டால், அதில் மாவுச் சத்தை உடைக்கும் ஒரு பொருள் உண்டாகிறது. காயவைத்து, லேசாக வறுத்து, அரைத்த அந்த மாவில் ஒரு சிட்டிகையைக் கெட்டிக் கஞ்சியில் சேர்த்துக் காய்ச்சினால் கஞ்சி இளகிவிடும். தண்ணீர் ஊற்றாமலேயே இளகுகிறது! பரோடா பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே இதை ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள். ஆனால் முளைகட்டிய மாவில் கிருமியும் சேர்ந்து வளர்ந்திருக்கும். கொதிக்கக் காய்ச்சாமல் கொடுக்கக் கூடாது.

வேலைக்குப் போகும் பெண்கள் தனிச்சமையலுக்கு நேரமில்லை என்பார்கள். தேவையே இல்லை. வீட்டுக்கு வைக்கும் பருப்பில் உப்பும் மிளகாயும் போடுவதற்கு முன்னால் ஒரு கரண்டி எடுத்து வையுங்கள். சாதத்தோடு மசித்தால் குழந்தை சாப்பாடு தயார். ஒரு வயது வரை உப்பும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம். "சப்புன்னு இருக்கே" என்று நாக்கு கேட்பது நமக்கு. குழந்தைக்கு அந்த ருசிதான் புதுசு.

மாவு கெடுவது எங்கே?

செய்வதில் பாதி ஜாக்கிரதை, வைப்பதில் பாதி. நம் வீடுகளில் கோட்டை விடுவது இரண்டாவதில்.

முதலில் மில். நமக்கு முன்னால் நின்றவர் மிளகாய் அரைத்துவிட்டுப் போயிருப்பார். அதே கல்லில் குழந்தை மாவு விழுந்தால் என்ன ஆகும்? கைப்பிடி அரிசியை முதலில் ஓட்டிக் கழித்துவிட்டு அப்புறம் மாவைப் போடச் சொல்லுங்கள். மில்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

அரைத்த மாவு சூடாக இருக்கும். சூட்டோடு டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வேர்க்கும். அந்த ஈரம் போதும், பூஞ்சைக் காளான் பிடிக்க. நிலக்கடலை, மக்காச்சோளம் சேர்த்த மாவென்றால் ஆபத்து இரண்டு மடங்கு. அவற்றில் பிடிக்கும் ஒருவகைப் பூஞ்சை 'அப்ளாடாக்சின்' என்ற விஷத்தை உண்டாக்கும். அது ஈரலைத் தின்னும் விஷம். 1974-ல் ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அந்த விஷம் வறுத்தாலும் முழுசாகப் போகாது, காய்ச்சினாலும் போகாது. "லேசா வாடை வருது, வெயில்ல போட்டு எடுத்தா சரியாயிடும்" என்ற பேச்சே கூடாது. வாடை வந்தால் குப்பைத் தொட்டிதான். வண்டு விழுந்ததைச் சலித்துக் கொடுப்பதும் அப்படித்தான்.

ஆகவே,

அரைத்த மாவைப் பேப்பரில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். கழுவி வெயிலில் உலர்த்திய டப்பாவில் போடுங்கள். அரைக் கிலோவுக்கு மேல் ஒரே நேரத்தில் அரைக்காதீர்கள். டப்பாவின் மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டி, அரைத்த தேதியை எழுதுங்கள். ஒரு மாதத்தில் தீர்த்துவிடுங்கள். கடலை, முந்திரி சேர்த்தது இன்னும் சீக்கிரம் காறிப்போகும். அதைப் பிரிட்ஜில் வைப்பது நல்லது. ஈரக் கரண்டி டப்பாவுக்குள் போகவே கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் உஷார்!

பிளாஸ்க், பிரிட்ஜ், பால் பாட்டில்

காலையில் காய்ச்சிய கஞ்சியைப் பிளாஸ்கில் ஊற்றி, மத்தியானம் வரை மூன்று தடவை கொடுக்கிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. கை பொறுக்கும் சூடு என்பது கிருமிக்கும் பொறுக்கும் சூடுதான். 5 டிகிரிக்கு மேல், 60 டிகிரிக்குக் கீழ் இருக்கும் எந்த உணவிலும் கிருமி பெருகும். அரிசியில் ஒரு கிருமி இருக்கிறது. அதன் வித்து கொதிக்க வைத்தாலும் சாகாது. கஞ்சி வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அது விழித்துக்கொண்டு விஷத்தைக் கக்கும். திரும்பக் கொதிக்க வைத்தாலும் அந்த விஷம் அழியாது. சமைத்தது வெளியே 2 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் குழந்தைக்குக் கூடாது. சென்னை சித்திரை வெயிலில் அந்த 2 மணி நேரமும் அதிகம்!

பிரிட்ஜ் உள்ள வீடுகளில், ஆறியதும் சின்னச் சின்ன மூடிபோட்ட கிண்ணங்களில் ஊற்றி உடனே உள்ளே வைக்கலாம். மறுநாளுக்குள் தீர்த்துவிட வேண்டும். காய்கறி மசியலை ஐஸ் கட்டித் தட்டில் ஊற்றி உறைய வைத்தால் ஒரு மாதம் தாங்கும். தேவைக்கு ஒரு கட்டி, இரண்டு கட்டி என்று எடுத்து ஆவி பறக்கச் சூடாக்கி, ஆறவைத்துக் கொடுக்கலாம். ஒரு தடவை சூடாக்கியதை இரண்டாம் தடவை சூடாக்காதீர்கள். கரண்டு போய் உருகியதை மறுபடி உறைய வைக்காதீர்கள். கீரை மசியலை வைத்து எடுத்துக் கொடுக்கவே வேண்டாம். மேல் தட்டில் மீன், கீழ்த் தட்டில் குழந்தைக் கிண்ணம் என்று வைத்தால் என்ன சொட்டும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

குழந்தை பாதி சாப்பிட்டு வைத்ததை "அப்புறம் கொடுக்கலாம்" என்று மூடி வைக்கிறோம். குழந்தையின் எச்சில் பட்ட கரண்டி கிண்ணத்துக்குள் போய்விட்டது. மீதியை நீங்கள் சாப்பிடுங்கள் அல்லது கொட்டுங்கள். இரண்டு ஸ்பூன் கஞ்சிக்குக் கணக்குப் பார்த்தால் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் கணக்குக் கொடுக்க வேண்டி வரும்.

இன்னொரு கொடுமை. பால் பாட்டில் ரப்பரில் ஊசியால் ஓட்டையைப் பெரிதாக்கிக் கஞ்சியை ஊற்றிக் கொடுக்கிறார்கள். ரப்பர் இடுக்கில் ஒட்டிய கஞ்சியை எந்தப் பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது. புரையேறினால் அதுவும் ஆபத்து. பாலாடை இருக்கிறது. கிண்ணமும் ஸ்பூனும் இருக்கிறது. போதாதா?

"எங்க பாட்டி காலத்துல..."

"எங்க பாட்டி பத்துப் பிள்ளை பெத்தா. பிரிட்ஜ் இருந்துச்சா, தேதி எழுதுனாளா?" என்று மடக்குவார்கள். பாட்டி வைத்திருந்து கொடுக்கவில்லை. அந்தந்த வேளைக்குக் காய்ச்சினாள். அது முதல் பதில்.

இரண்டாவது பதில் கொஞ்சம் கசக்கும். பாட்டி பெற்றது பத்து. வளர்ந்தது எத்தனை? 1971-ல் இந்தியாவில் பிறந்த ஒவ்வொரு 1000 குழந்தைகளிலும் 129 முதல் பிறந்த நாளைப் பார்க்கவில்லை. 2020 கணக்கில் அது 28. அந்தக் காலத்தின் நல்லதை எடுத்துக்கொள்வோம். அந்தச் சாவு எண்ணிக்கையையும் சேர்த்து எடுத்துக்கொள்ள வேண்டுமா?

அதிகாரிகள் கவனிப்பார்களா?

தாய்மார்களுக்கு மட்டும் புத்தி சொல்லிவிட்டுப் போனால் அது பாதி நியாயம். 2017-ல் பிரசவ விடுமுறையை 26 வாரமாக்கினார்கள். நல்ல காரியம். 26 வாரம் என்றால் 6 மாதம். சரியாகக் கஞ்சி ஆரம்பிக்கிற அன்றைக்கு அம்மா வேலைக்குக் கிளம்ப வேண்டும்! அந்த விடுமுறையும் எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. வீட்டு வேலை செய்கிறவர், கட்டிட வேலை பார்க்கிறவர் யாரிடம் போய்க் கேட்பார்? பிளாஸ்கில் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டு ஓடும் தாய் சோம்பேறி அல்ல. அவசரத்தில் இருக்கிறாள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தொழிலாளர் துறை ஒரு சுற்று சுற்றி வரட்டும்.

2015-ல் பஸ் நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்டும் அறை திறந்தார்கள். நாடே பாராட்டியது. அந்த அறைகளில் இன்னும் ஒன்று வேண்டும். காய்ச்சிய வெந்நீர் வரும் ஒரு குழாய், கிண்ணம் கழுவ ஒரு தொட்டி, ஒரு சோப்பு. கையில் குழந்தையோடு வெளியூர் பஸ்சுக்குக் காத்திருக்கும் பெண், மாவை அங்கேயே கரைத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். காலையில் செய்ததைச் சுமந்துகொண்டு திரிய மாட்டாள்.

அங்கன்வாடியில் 6 மாதம் முடிந்த குழந்தைக்கு இணை உணவு மாவு இலவசமாகக் கொடுக்கிறார்கள். "கவர்மெண்டு மாவா?" என்று முகத்தைச் சுளிக்கிறவர்கள் அதிகம். சிலர் அதை மாட்டுக்குப் போடுகிறார்கள்! தேதியே இல்லாத கவரைக் காசு கொடுத்து வாங்குகிறவர்கள், தேதி போட்டு வருவதை மாட்டுக்குப் போடுவது எந்த ஊர் நியாயம்?

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால் பதற வேண்டாம், சும்மாவும் இருக்க வேண்டாம். உப்பு - சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுசாகக் கரைத்து, ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். துத்தநாக மாத்திரையை டாக்டர் சொன்னபடி 14 நாளும் கொடுங்கள். நின்றுவிட்டது என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடக் கூடாது. கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, குழந்தை துவண்டாலோ அடுத்த நிமிடம் ஆஸ்பத்திரி. ராத்திரி என்றால் 108.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பஸ்சிலும் ரெயிலிலும் இதைப் படிக்கும் ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். சமையல் அலமாரியில் இருக்கும் குழந்தை மாவு டப்பாவை எடுங்கள். அது என்றைக்கு அரைத்தது என்று வீட்டில் கேளுங்கள். உடனே பதில் வந்தால் ஒரு காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். "எப்பவோ..." என்று இழுத்தால், யோசிக்காமல் கொட்டிவிட்டுப் புதுசாக அரைக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அரைக் கிலோ கேழ்வரகு என்ன விலை விற்றுவிடப் போகிறது?